ஊசி போட்ட இடத்தில் சொட்டை: நாய் வளர்ப்போர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பல ஒரே விஷயத்தையே சுற்றி வருகின்றன. தடுப்பூசி போட்டோம், அப்புறம் நாய்க்கு முடி கொட்டிவிட்டது, ஊசிதான் காரணமா? அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: வணக்கம் டாக்டர். எங்கள் வீட்டு ஷிட்சுவுக்கு நாலு வயது, எடை ஐந்து கிலோ, ரொம்பச் சுறுசுறுப்பு. மூன்று மாதத்துக்கு முன்பு ரேபிஸ் ஊசி போட்டோம், அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. போன வாரம் குளிப்பாட்டும்போதுதான் பார்த்தேன், வலது தோள்பட்டைக்குப் பின்னால் கட்டைவிரல் அகலத்துக்கு வட்டமாக முடியே இல்லை. தோல் கறுத்து வழவழவென்று இருக்கிறது. அவள் சொறிவதும் இல்லை, நக்குவதும் இல்லை. அக்கம்பக்கத்தில் ஊசி ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார்கள். என் கணவரோ, என்றைக்கோ போட்ட ஊசி மூன்று மாதம் கழித்தா வேலையைக் காட்டும் என்று சிரிக்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் கணவர் சிரித்த அந்த மூன்று மாதம்தான் உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமான தகவல். ஊசி போட்ட மறுநாளே சொட்டை விழுந்தது என்று எழுதியிருந்தால் நான் வேறு எதையாவதுதான் முதலில் தேடியிருப்பேன்.

ரேபிஸ் தடுப்பூசிக்குப் பிறகு அதே இடத்தில் முடி உதிர்வது கால்நடை மருத்துவத்தில் நன்றாகவே தெரிந்த விஷயம், 1986-லேயே இதைப் பற்றி மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள். இதற்கு ஒரு தனி முகம் உண்டு. ஊசி போட்ட இடத்திலேயே வரும், பொதுவாக ஒன்று முதல் மூன்று மாதம் கழித்து, சில நாய்களில் இன்னும் தாமதமாக. வட்டமாகவோ நீள்வட்டமாகவோ இருக்கும், தோல் மெலிந்து கறுத்து, தொட்டால் வழுவழுப்பாக, சில சமயம் லேசாகச் செதில் உரியும். அரிப்பு அனேகமாக இருக்காது. பூடில், யார்க்‌ஷயர் டெரியர், மால்டீஸ், ஷிட்சு, பிஷான் ஃப்ரீஸே மாதிரி சிறிய, பட்டு முடி உள்ள இனங்களில்தான் அதிகம் பார்க்கிறோம். பெரிய நாய்க்கு வரவே வராது என்று அர்த்தமில்லை.

ஏன் இவ்வளவு தாமதம்? ரேபிஸ் ஊசியில் இருப்பது கொல்லப்பட்ட வைரஸ். உடம்பு அதைச் சரியாகக் கவனிக்க வேண்டும் என்பதற்காக, பெரும்பாலான ஊசிகளில் அலுமினிய உப்பு போன்ற ஒரு துணைப்பொருளையும் கலந்திருப்பார்கள், மருந்து அந்த இடத்தில் கொஞ்ச காலம் தங்கும். சில நாய்களின் எதிர்ப்புச் சக்தி அங்கே வந்து வேலையைச் செய்யும்போது, பக்கத்தில் ஓடும் நுண்ணிய ரத்தக்குழாய்களையும் சேர்த்தே தாக்கிவிடுகிறது. இப்படிச் சொட்டையான தோலை எடுத்துப் பார்த்தபோது ரத்தக்குழாய்ச் சுவர்களிலும் முடிக்கால்களிலும் (முடி முளைக்கும் வேர்க்குழிகள்) ரேபிஸ் வைரஸின் புரதமே இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். குழாய் வீங்கினால் ரத்த ஓட்டம் குறையும். முடிக்கால் எப்போதும் வளர்ந்துகொண்டே இருக்க வேண்டிய பாகம் என்பதால் முதலில் பட்டினி கிடப்பது அதுதான், அது மெல்லச் சுருங்கி, இருக்கும் முடி உதிர்ந்து, புதுசு முளைக்காமல், கடைசியில் வெளியே நம் கண்ணுக்குத் தெரியும்போது வாரக்கணக்கு ஓடி மாதக்கணக்கு ஆகியிருக்கும். கிருமி வந்து அரித்த புண் இல்லை என்பதால் அரிப்பும் இல்லை. மற்ற நாய்க்கோ, உங்களுக்கோ தொற்றாது.

இதைப் படித்துவிட்டு, சரி அதேதான் என்று நீங்களே முடிவு கட்டிவிட வேண்டாம். மருத்துவரிடம் போய் தோலைச் சுரண்டிப் பார்க்கும் சோதனை, நாலு முடியைப் பிடுங்கி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது, ஒட்டு நாடாவில் எடுத்துக் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது, இந்த மூன்றையும் செய்யச் சொல்லுங்கள். எல்லாம் அங்கேயே, சில நிமிடங்களில் முடிகிற காரியம். உண்ணிப்பூச்சியும் பூஞ்சையும் பாக்டீரியாவும் இல்லை என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இன்னொரு கேள்வியும் கேளுங்கள், இதைக் கேட்க நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்: அதே பக்கத்தில் வேறு ஏதாவது ஊசி போட்டார்களா? அரிப்புக்காகப் போடும் நீண்ட நாள் ஸ்டீராய்டு ஊசியும் தோலை மெலியவைத்து இதே மாதிரி சொட்டையை உண்டாக்கும், அந்தப் பழி தடுப்பூசி மேல் விழும். சிகிச்சைப் பதிவில் எந்த ஊசி எந்தப் பக்கம் என்று எழுதியிருந்தால் ஒரு வரியில் தீர்ந்துவிடும்.

தோலில் ஒரு துண்டு எடுத்துப் பரிசோதிக்கும் பயாப்சிதான் உறுதியான பதில் தரும். உங்கள் நாய்க்கு இப்போதைக்கு அது தேவைப்படாது என்றே நினைக்கிறேன். சொட்டை பெரிதாகிக்கொண்டே போனாலோ, புண்ணானாலோ, இரண்டாவது இடத்தில் வந்தாலோ அப்போது தயங்காமல் எடுத்துவிடலாம்.

சிகிச்சை வேண்டுமா என்றால், சின்னதாக, வலியில்லாமல், அப்படியே நிற்கிற சொட்டைக்கு ஒன்றும் செய்யாமல் விடுவதும் ஒரு நல்ல முடிவுதான். நாய்க்கு அது பெரிய விஷயமே இல்லை, உறுத்தல் எல்லாம் நமக்குத்தான். முடிக்கால் உயிரோடு இருந்தால் மாதங்கள் கழித்து மெல்ல முளைக்கும், சில சமயம் வேறு நிறத்தில் வரும். முடிக்காலே தழும்பாகிவிட்டிருந்தால் அந்த இடம் அப்படியேதான் இருக்கும், அதை எந்த எண்ணெயும் மாற்றாது. பரவுகிறது, சிவக்கிறது என்றால் எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும் டாக்ரோலிமஸ் களிம்பு, குறுகிய காலத்துக்கு ஸ்டீராய்டு பூச்சு, வாய்வழியாகப் பென்டாக்ஸிஃபைலின் மாத்திரை என்று வழிகள் உள்ளன. கடைசியில் சொன்னது மனிதர்களுக்கும் கால் ரத்த ஓட்டத்துக்குக் கொடுக்கும் மருந்து, ரத்தச் சிவப்பணுக்கள் இறுகிய குழாய்க்குள் நெளிந்து போக உதவுகிறது. பலன் தெரிய இரண்டு மூன்று மாதம்கூட ஆகும், இரண்டு வாரத்தில் ஒன்றும் காணோம் என்று நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். வயிற்றைப் புரட்டும் என்பதால் சாப்பாட்டோடு கொடுக்கச் சொல்வோம். வீட்டில் யாருக்கோ வாங்கிய அட்டையிலிருந்து உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள், அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: டாக்டர், எங்கள் குட்டிக்கு மூன்றரை மாதம். இரண்டாவது தடுப்பூசி போட்டு ஆறாவது நாள் கண்ணைச் சுற்றி முடி போனது, அப்புறம் உதட்டு ஓரம், இப்போது முன்னங்காலில் இரண்டு இடம். மருந்துக்கடையில் தோல் களிம்பு ஒன்று கொடுத்தார்கள், போட்டதும் சிவப்பு குறைந்தது, ஆனால் சொட்டை பெரிதாகிறது. இனி மூன்றாவது ஊசியே வேண்டாம் என்று வீட்டில் சண்டை.

பதில்: முதலில் அந்தக் களிம்பை நிறுத்துங்கள். பெட்டியில் என்னென்ன மருந்து எழுதியிருக்கிறது என்று பாருங்கள், பீட்டாமெதசோன், க்ளோபெட்டசோல் மாதிரி ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. சிவப்பைத் தணிக்கும், உள்ளே இருக்கிற பூச்சிக்கும் பூஞ்சைக்கும் கொண்டாட்டம்.

உங்கள் குட்டிக்கு ஊசி காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆறு நாளில் வந்திருக்கிறது, ஊசி போட்ட இடத்தில் வரவில்லை, முகத்திலும் காலிலும் வந்திருக்கிறது. மூன்றும் பொருந்தவில்லை. இன்னொன்றையும் யோசியுங்கள். குட்டிகளுக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பித்து, மூன்று நாலு வாரத்துக்கு ஒரு தடவை என்று நாலு மாதம் தாண்டும் வரை ஊசி போடுகிறோம். அந்த வயதில் குட்டிக்கு என்ன நடந்தாலும் அது ஏதாவது ஓர் ஊசிக்குப் பிறகு நடந்ததாகத்தான் இருக்கும். பல் விழுந்தாலும்கூட!

இந்த வயதில், இந்த இடங்களில் திட்டுத்திட்டாக முடி போனால் முதலில் நினைக்க வேண்டியது டெமோடெக்ஸ் என்ற உண்ணி. கண்ணுக்குத் தெரியாது, முடிக்காலுக்குள்ளேயே வாழும். பிறந்த முதல் சில நாட்களில் பால் குடிக்கும்போது தாயிடமிருந்து வருகிறது, அனேகமாக எல்லா நாய்களிடமும் கொஞ்சம் இருக்கும். எதிர்ப்புச் சக்தி இன்னும் முதிராத குட்டிகளில் அது பெருகி முடியைக் கொட்டவைக்கும். நாலைந்து திட்டோடு நின்றால் பெரும்பாலும் தானாகவே சரியாகும். உடம்பு முழுக்கப் பரவினால் சிகிச்சை கட்டாயம் வேண்டும், அதுவும் முன்னைப் போல வாரக்கணக்கில் மருந்துக் குளியல் போட்டு அல்லாட வேண்டியதில்லை, உண்ணிக்குக் கொடுக்கும் புதிய வகை மாத்திரைகள் (ஃப்ளூராலனர், அஃபாக்ஸோலனர் போன்றவை) இதற்கு நன்றாகவே கேட்கின்றன. குட்டிக்கு வலிப்பு வந்த வரலாறு இருந்தால் அதை மட்டும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது சந்தேகம் பூஞ்சை, அதாவது படர்தாமரை. இது மட்டும் மனிதர்களுக்கும் ஒட்டும், வீட்டில் குழந்தைகள் கையில் வட்டமான அரிப்பு ஏதாவது வந்திருக்கிறதா என்று பாருங்கள். நீல விளக்கு அடித்துப் பார்த்து ஒளிரவில்லை, அதனால் பூஞ்சை இல்லை என்று யாராவது சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள், எல்லாப் பூஞ்சையும் ஒளிராது. முடியை எடுத்து வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும், பொறுத்துத்தான் ஆக வேண்டும்.

மூன்றாவது ஊசி கட்டாயம் வேண்டும். தோல் ரொம்ப மோசமாகி, காய்ச்சலும் சோர்வும் இருந்தால் சில நாள் தள்ளிப்போடலாம், அதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். பார்வோவும் டிஸ்டெம்பரும் குட்டிகளைச் சாகடிக்கிற நோய்கள், நாலு திட்டுச் சொட்டைக்காக அந்தப் பாதுகாப்பை விட்டுவிடக் கூடாது.

கேள்வி: எங்கள் பூடிலுக்குப் போன வருடம் ரேபிஸ் ஊசிக்குப் பிறகு தொடையில் சொட்டை வந்து பயாப்சியிலும் அதுதான் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த ஊசி நெருங்குகிறது. போடாமல் விடலாமா? சின்ன நாய்தானே, பாதி மருந்து போடச் சொல்லலாமா? ஊசிக்கு முன் அலர்ஜி மாத்திரை கொடுத்தால் தடுக்க முடியுமா?

பதில்: நீங்கள் கேட்ட மூன்றில் இரண்டுக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். பாதி மருந்து வேண்டாம். தடுப்பூசி எடைக்கு ஏற்ற மருந்து கிடையாது, சிவாவாவுக்கும் கிரேட் டேனுக்கும் ஒரே அளவுதான், பாதி போட்டால் பாதுகாப்பு வந்ததா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது, சட்டப்படியும் அது போட்ட கணக்கில் வராது. அலர்ஜி மாத்திரையும் இதற்குப் பயன்படாது. ஊசி போட்ட சில மணி நேரத்தில் முகம் வீங்குவது, உடம்பெல்லாம் தடிப்பது, அதற்குத்தான் அந்த மாத்திரை. இது வேறு வழியில் வருகிற பிரச்சினை.

போடாமல் விடலாமா என்ற கேள்விக்குத்தான் நிதானம் வேண்டும். ரேபிஸ் அறிகுறி காட்ட ஆரம்பித்துவிட்டால் நாயையும் காப்பாற்ற முடியாது, மனிதரையும் கிட்டத்தட்டக் காப்பாற்ற முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இதனால் இறக்கிறார்கள், மனிதருக்கு வருகிற ரேபிஸில் 99 சதவீதம் வரை நாய் வழியாகவே வருகிறது. தொடையில் ஒரு சொட்டையை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் நாயின் சொட்டை அந்த ஒரே இடத்தில் நின்றுவிட்டது, வேறு எங்கும் வரவில்லை என்றால், நான் ஊசி போடச் சொல்கிற பக்கம்தான். ஆனால் எப்படிப் போடுவது என்பதில் மாற்றலாம்.

முதலில் ஊசி எத்தனை வருடத்துக்குச் செல்லும் என்று பாருங்கள். சில ரேபிஸ் ஊசிகள் ஒரு வருடத்துக்கு, சில மூன்று வருடத்துக்கு அனுமதி பெற்றவை. நீங்கள் இருக்கும் இடத்தின் சட்டம் மூன்று வருட ஊசியை ஏற்றுக்கொண்டால், வருடாவருடம் போட்டு அந்தத் தோலைச் சீண்ட வேண்டிய அவசியமே இல்லை. அடுத்து, வேறு தயாரிப்பைக் கேட்டுப் பாருங்கள், துணைப்பொருள் இல்லாதது கிடைத்தால் நல்லது, இதற்கு உத்தரவாதம் எல்லாம் கொடுக்க முடியாது, இருந்தாலும் முயற்சி செய்யலாம். பழைய சொட்டையிலிருந்து தள்ளிப் போடச் சொல்லுங்கள். ஏனென்றால் மறுபடி ஊசி போடும்போது புது இடத்தில் சொட்டை வரலாம், பழைய சொட்டையும் திரும்ப எரிச்சலடைந்து பெரிதாகலாம், எது எதனால் என்று பிரித்துப் பார்க்க முடிய வேண்டும். அன்றைக்கே வேறு நாலு ஊசியையும் சேர்த்துப் போட வேண்டாம். 12 லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களின் பதிவுகளை அலசி 2005-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஊசி போட்ட மூன்று நாளுக்குள் ஏதாவது எதிர்வினை வந்தவை 10,000-க்கு சுமார் 38 தான், ஆனால் சிறிய நாய்களிலும் ஒரே தடவையில் பல ஊசி போட்டவற்றிலும் அந்த எண்ணிக்கை கூடுகிறது. அது உடனடி எதிர்வினை பற்றிய கணக்கு, உங்கள் நாயின் சொட்டை அதில் சேராது. ஆனாலும் சின்ன நாய்க்கு ஊசிகளைப் பிரித்துப் போடுவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை, இன்னொரு தடவை அலைய வேண்டும் அவ்வளவுதான்.

ரத்தத்தில் எதிர்ப்பு அளவைப் பார்த்துவிட்டு ஊசியைத் தவிர்க்கலாமே என்று கேட்பீர்கள். பார்வோ, டிஸ்டெம்பருக்கு அது உண்மையிலேயே உபயோகமான சோதனை. ரேபிஸுக்கும் சோதனை உண்டு, நாயை வெளிநாடு கொண்டுபோகிறவர்களிடம் மில்லிலிட்டருக்கு 0.5 யூனிட் இருக்கிறதா என்று கேட்பார்கள். ஆனால் அளவு நன்றாக இருக்கிறது, ஆகவே ஊசி வேண்டாம் என்பதைப் பெரும்பாலான இடங்களில் சட்டம் ஏற்காது, நாளைக்கு உங்கள் நாய் யாரையாவது கடித்துவிட்டால் ஊசிச் சான்றிதழைத்தான் கேட்பார்கள்.

கேள்வி: சொட்டை முதுகில் ஒன்றுதான் இருந்தது. இப்போது இரண்டு காது நுனியிலும் பொருக்கு கட்டி, ஓரம் தேய்ந்த மாதிரி இருக்கிறது. வால் நுனியிலும் முடி இல்லை. பாதத்தில் சின்னப் புண். இதெல்லாம் தனித்தனிப் பிரச்சினையா?

பதில்: தனித்தனியாகப் பார்க்காதீர்கள், இந்த வாரமே மருத்துவரிடம் போங்கள். காது நுனி, வால் நுனி, பாதத் திண்டு, கண் ஓரம் எல்லாம் ரத்தம் கடைசியாகப் போய்ச் சேரும் இடங்கள். அவை ஒன்றாகக் கெடுகின்றன என்றால் ரத்தக்குழாய் அழற்சி ஊசி போட்ட இடத்தைத் தாண்டி உடம்பில் பரவியிருக்கலாம். அரிதுதான், ஆனால் உண்டு. நாக்கிலும் புண் இருக்கிறதா என்று பாருங்கள். இதற்குப் பயாப்சி தேவை, மருந்தும் மாதக்கணக்கில் தேவைப்படும். முன் கேள்விக்குச் சொன்ன பதில் உங்கள் நாய்க்குப் பொருந்தாது, இப்படிப் பரவியது என்று உறுதியான நாய்க்கு மறுபடி ரேபிஸ் ஊசி போடலாமா என்பதை மருத்துவரே எழுத்தில் முடிவு செய்து, சட்டம் இடம் கொடுத்தால் விலக்குச் சான்று தருவார். அப்படி விலக்கு வாங்கிய நாய் மற்ற விலங்குகளோடு கலக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. ஆறும் வரை வெயிலிலும் அதிகம் விடாதீர்கள்.

கேள்வி: பொமரேனியன், ஆறு வயது. தடுப்பூசி போடப் போன அன்றே ரத்தம் எடுக்க முன்னங்காலில் முடியை மழித்தார்கள். ஐந்து மாதமாக அங்கே முளைக்கவே இல்லை. ஊசியின் வேலையா?

பதில்: மழித்ததன் வேலை. பொமரேனியன், ஹஸ்கி, சௌ சௌ மாதிரி அடர்ந்த அடிமயிர் உள்ள நாய்களுக்கு ஒட்ட மழித்தால் அந்த இடம் மாதக்கணக்கில், சில சமயம் ஒரு வருடத்துக்கு மேலும், அப்படியே கிடக்கும். தோல் நன்றாக இருந்தால் காத்திருங்கள். உடம்பில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முடி மெலிந்து, எடை ஏறி, தண்ணீர் அதிகம் குடிக்க ஆரம்பித்தால் மட்டும் தைராய்டு, அட்ரினல் சுரப்பிகளைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: தோள்களுக்கு நடுவே சொட்டை. தடுப்பூசியும் அங்கேதான் போட்டார்கள், மாதாமாதம் தெள்ளுப்பூச்சிக்குச் சொட்டு மருந்தும் அங்கேதான் ஊற்றுகிறேன். தோலுக்கு அடியில் ஒரு கட்டியும் இருக்கிறது.

பதில்: இரண்டுமே முடியைக் கொட்டவைக்கும், சொட்டு மருந்து என்றால் ஊற்றிய சில நாட்களுக்குள் தெரியும், தோலில் எரிச்சலும் இருக்கும். இந்த மாதம் அதற்குப் பதில் மாத்திரை கேளுங்கள், முடி திரும்ப வருகிறதா என்று பார்க்கலாம். கட்டி ஊசி போட்டு இரண்டு மூன்று வாரத்தில் கரைந்துவிட வேண்டும். ஒரு மாதம் கழித்தும் வளர்ந்துகொண்டே இருந்தாலோ, மூன்று மாதமாகியும் போகாவிட்டாலோ ஊசியால் உறிஞ்சிப் பார்க்கச் சொல்லுங்கள். பூனைகளில் இதை ரொம்பக் கடுமையாக எடுத்துக்கொள்வோம், நாய்களில் ஊசி இடத்தில் புற்று வருவது மிக அரிது. ஆனாலும் கையால் தடவிப் பார்த்து அது என்ன கட்டி என்று சொல்ல யாராலும் முடியாது.

கேள்வி: போட்ட இடத்தில் கேட்டால், எங்கள் ஊசி அப்படியெல்லாம் செய்யாது என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்கிறார்கள். நான் என்ன செய்ய?

பதில்: வாக்குவாதத்தை விடுங்கள், தகவலைக் கேளுங்கள். ஊசியின் பெயர், தயாரிப்பாளர், தொகுதி எண், போட்ட தேதி, எந்தப் பக்கம். பெரும்பாலும் தடுப்பூசிப் புத்தகத்தில் ஒட்டிய சின்னச் சீட்டிலேயே முதல் மூன்றும் இருக்கும். சொட்டைக்குப் பக்கத்தில் அளவுகோல் வைத்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரே வெளிச்சத்தில் படம் எடுங்கள். இவற்றோடு வேறொரு மருத்துவரிடம், முடிந்தால் தோல் சிகிச்சை தெரிந்தவரிடம், காட்டுங்கள். அவர் உறுதி செய்தால் தயாரிப்பாளருக்கும் உங்கள் நாட்டில் கால்நடை மருந்துகளைக் கண்காணிக்கும் துறைக்கும் அவரே அறிக்கை அனுப்பலாம், நீங்களும் அனுப்பலாம். நாயின் பதிவேட்டில் முதல் பக்கத்திலேயே, எந்த ஊசிக்கு என்ன ஆனது என்று சிவப்பு மையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த தடவை வேறு யார் ஊசி போட்டாலும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.